காப்பீட்டு நிறுவனத்துக்கு உங்களைப் பற்றி எவ்வளவு தெரியலாம்?

காப்பீடு என்பது பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நடக்கிற வியாபாரம். ஒரு லட்சம் வண்டிகளில் இந்த ஆண்டு ஏறத்தாழ எத்தனை விபத்தில் சிக்கும் என்று பழைய கணக்குகளை வைத்துச் சொல்லிவிடலாம். எந்த வண்டி சிக்கும் என்றுதான் சொல்ல முடியாது. அதனால்தான் அத்தனை பேரும் ஆளுக்குக் கொஞ்சம் பிரீமியம் கட்டுகிறார்கள், அடிபட்டவருக்கு அந்தப் பணம் போகிறது. அடி யாருக்கு விழும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் மற்றவர்கள் எதற்குக் கட்டப் போகிறார்கள்?

நீண்ட காலமாக நிறுவனத்துக்கு உங்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரு விண்ணப்பப் படிவத்தில் அடங்கிவிடும். வயது, தொழில், புகைப்பழக்கம் உண்டா, சர்க்கரை நோய் உண்டா, வண்டி எந்த ஆண்டு வாங்கியது. இப்போது கேட்காமலேயே தெரிந்துகொள்ளும் வழிகள் வந்துவிட்டன. வண்டிக்குள் சென்சார், கையில் ஸ்மார்ட் வாட்ச், பையில் செல்போன், மேலே செயற்கைக்கோள். இவை தரும் தகவலை எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு மதிப்பெண் போடும் அல்காரிதம் என்ற கணினிக் கணக்குமுறை. இந்தத் தொழில்நுட்பங்களை மொத்தமாக இன்சூர்டெக் என்கிறார்கள்.

விளம்பரங்களில் இது வேகத்தைப் பற்றிய விஷயமாகத் தெரியும்: நொடியில் பாலிசி, நொடியில் கிளைம். வேகம் உண்மைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாலிசி எடுத்தவருக்கு அதைவிடப் பெரிய கேள்விகள் இரண்டு உண்டு. நிறுவனத்துக்குத் தெரிந்தவற்றில் எதையெல்லாம் வைத்து உங்களுக்கு விலை போடலாம்? கிளைமை மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியது யார்? இவற்றுக்கு எந்தச் செயலியும் பதில் சொல்லாது. சட்டம்தான் சொல்ல வேண்டும், அதுவும் நாட்டுக்கு நாடு வேறு விதமாகச் சொல்கிறது.

வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் சாட்சி

மாற்றம் முதலில் தெளிவாகத் தெரிந்தது வண்டிக் காப்பீட்டில். டெலிமேட்டிக்ஸ் என்ற முறையில் ஒரு சிறு கருவியோ செல்போன் செயலியோ வண்டியிலேயே உள்ள சிம்மோ நீங்கள் ஓட்டும் விதத்தைப் பதிவு செய்யும். எவ்வளவு தூரம், எந்த நேரத்தில், எத்தனை முறை திடீர் பிரேக், ஓட்டும்போது போனைத் தொட்டீர்களா என்பதெல்லாம் அதில் வரும். குறைவாக ஓட்டுபவருக்கு இதனால் பிரீமியம் குறையலாம். பத்தொன்பது வயதில் நிதானமாக ஓட்டும் ஒருவருக்கு இது நியாயமும்கூட. அந்த வயதுக்காரர்கள் எல்லாரும் அடித்து ஓட்டுகிறார்கள் என்ற சராசரியின் சுமையை அவர் எதற்குச் சுமக்க வேண்டும்?

சரி, இதில் சிக்கல் எங்கே? கருவிக்குப் பிரேக் போட்டது தெரியும். குறுக்கே ஓடி வந்த குழந்தை தெரியாது. நள்ளிரவில் ஓட்டியது தெரியும். இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் செவிலியர் என்பது தெரியாது. இன்னொன்று மெதுவாகத்தான் கண்ணில் படும். நன்றாக ஓட்டுபவர்கள் எல்லாரும் சலுகை வாங்கிக்கொண்டு ஒரு பக்கம் ஒதுங்கினால், கருவி வேண்டாம் என்று சொன்னவர்கள் மிச்சக் கூட்டத்தில் நிற்பார்கள். அந்தக் கூட்டத்தின் சராசரி ஆபத்து ஏறும், பிரீமியமும் ஏறும். அந்தரங்கம் முக்கியம் என்று நினைத்த ஒரே காரணத்துக்காக ஒருவர் கூடுதலாகக் கட்ட வேண்டி வரும். சலுகையாகத் தொடங்கியது இப்படித்தான் அபராதமாக மாறுகிறது. யாரும் அதை அபராதம் என்று அறிவிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஒப்புதல் கொடுத்துச் சேர்ந்தவர்கள் கதை இது. கொடுத்ததே தெரியாதவர்களும் உண்டு. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இருந்த இணைய வசதி வழியாக ஓட்டுநர்களின் தகவல் லெக்சிஸ்நெக்சிஸ் போன்ற தகவல் நிறுவனங்களுக்குப் போய், அங்கிருந்து காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போயிருந்தது. பிரீமியம் ஏன் ஏறியது என்று துருவிய ஒரு வாடிக்கையாளர் தன்னைப் பற்றிய அறிக்கையைக் கேட்டு வாங்கினார். 258 பக்கம். அதில் 130 பக்கத்துக்கு மேல் ஆறு மாதப் பயணங்களின் விவரம்: கிளம்பிய நேரம், தூரம், பிரேக், வேகம். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. இருப்பிடத் தகவல் சில சமயம் மூன்று நொடிக்கு ஒரு முறை சேகரிக்கப்பட்டதாக அது சொன்னது. இப்படிப்பட்ட தகவலை நுகர்வோர் அறிக்கை நிறுவனங்களுக்கு ஐந்து ஆண்டுகள் கொடுக்கக் கூடாது என்று நிபந்தனையும் விதித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலையிட்டது காப்பீட்டைக் கண்காணிக்கும் அமைப்பு அல்ல, நுகர்வோர் பாதுகாப்பைப் பார்க்கும் அமைப்பு. கார் நிறுவனம் ஒரு சட்டத்தின் கீழ், தகவல் வியாபாரி இன்னொன்றின் கீழ், காப்பீட்டு நிறுவனம் மூன்றாவதன் கீழ். உங்கள் பயணம் இந்த மூன்றையும் ஒரே நாளில் கடந்துவிடும். புகாரை எந்த வாசலில் கொடுப்பது என்று தெரியாமல் நிற்பது நீங்கள்தான்.

தெரிந்தாலும் பயன்படுத்தாதே என்று சொல்லும் சட்டங்கள்

சில விஷயங்கள் ஆபத்தைக் கணிக்க உதவும் என்று தெரிந்தும், அவற்றை விலையில் சேர்க்கக் கூடாது என்று சமூகங்கள் முடிவு செய்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2011 மார்ச் 1 அன்று அளித்த தீர்ப்பு இதில் முக்கியமானது. ஆண், பெண் என்ற வேறுபாட்டை வைத்து பிரீமியத்தையோ பலனையோ மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2012 டிசம்பர் 21 முதல் புதிய பாலிசிகளுக்கு அது பொருந்தியது. இளம் ஆண் ஓட்டுநர்களைவிடக் குறைவாகக் கட்டிவந்த இளம் பெண் ஓட்டுநர்களுக்கு அந்தச் சலுகை போனது. அதாவது, விதி வந்தால் எல்லாருக்கும் விலை குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. யார் யாருடைய செலவைப் பகிர்கிறார்கள் என்பதைத்தான் விதி மாற்றுகிறது.

அமெரிக்காவில் கடன் வரலாற்றை வைத்து வண்டி பிரீமியம் போடுவது பல மாநிலங்களில் சாதாரணம். கலிபோர்னியாவில் அதற்கு இடமில்லை. மரபணுச் சோதனை இன்னும் சிக்கலானது. அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் நலக் காப்பீட்டில் மரபணுத் தகவலைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது, ஆயுள் காப்பீட்டைத் தொடுவதில்லை. கனடா 2017இல் இயற்றிய சட்டம் இன்னும் அகலமானது: எந்த ஒப்பந்தத்துக்கும் மரபணுச் சோதனையையோ அதன் முடிவையோ நிபந்தனையாக்கக் கூடாது. எச்சில் மாதிரி அனுப்பி வம்சாவளி பார்க்கும் சோதனையை விளையாட்டாகச் செய்துகொள்பவர்கள், தங்கள் நாட்டில் எந்தக் காப்பீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு என்று முதலில் பார்ப்பது நல்லது.

தடை போட்டால் முடிந்ததா என்றால் இல்லை. பாலினத்தைக் கேட்கக் கூடாது என்றால் அல்காரிதம் அதைக் கேட்காது. தொழில், வாங்கும் பொருள்கள், வண்டி மாடல் இவற்றைச் சேர்த்துப் பார்த்து, கேட்காமலே அதே இடத்துக்கு வந்து சேரலாம். முகவரியை வைத்து இனத்தை ஊகிப்பதும் இப்படித்தான். யாரும் வேண்டுமென்று செய்ய வேண்டியதில்லை, கணக்கு தானாக அங்கே போய் நிற்கும். கொலராடோ மாநிலம் 2021இல் கொண்டுவந்த சட்டம் நேரடியாக இதைப் பற்றியது. வெளியிலிருந்து வாங்கும் தகவலும் அல்காரிதமும் இனம், பாலினம், மதம், உடல் குறைபாடு போன்றவற்றின் அடிப்படையில் நியாயமற்ற பாகுபாட்டில் முடியக் கூடாது என்கிறது. அதை நிறுவனமே சோதித்துப் பார்த்து நிரூபிக்க வேண்டும். முதல் விதிகள் 2023இல் ஆயுள் காப்பீட்டுக்கு வந்தன. எண்ணத்தைப் பார்க்காமல் விளைவைப் பார்க்கும் இந்த அணுகுமுறைதான் சரி என்பது என் கருத்து. அல்காரிதத்துக்கு ஏது எண்ணம்?

விதி இல்லாத இடத்தில் வேறு யாராவது தடுப்பதும் உண்டு. பிரிட்டனின் அட்மிரல் என்ற காப்பீட்டு நிறுவனம் 2016 நவம்பரில் ஒரு திட்டத்தோடு வந்தது. முதன்முதலாக வண்டி ஓட்டும் இளைஞர்கள் ஃபேஸ்புக்கில் எழுதும் விதத்தைப் பார்த்துச் சலுகை கொடுப்பது என்று திட்டம். சுருக்கமாக, திட்டவட்டமாக எழுதினால் பொறுப்பானவர். ஆச்சரியக்குறிகளை வாரி இறைத்தால் வேறு மாதிரி! அறிமுக நேரத்தில் ஃபேஸ்புக் தன் விதிகளைக் காட்டித் தடுத்துவிட்டது. எந்த அரசு அமைப்பும் அதற்குள் வரவே இல்லை.

விலை விஷயத்தில் இன்னொரு தந்திரமும் உண்டு. யார் விலையை ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார்கள், யார் அப்படியே புதுப்பித்துவிடுவார்கள் என்று மென்பொருளால் ஊகிக்க முடியும். அவர்களுக்கு ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். விபத்து ஆபத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, உங்கள் சோம்பலுக்கு விலை போடுகிறார்கள். பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் வீட்டுக் காப்பீட்டையும் வண்டிக் காப்பீட்டையும் ஆராய்ந்தபோது, 2018இல் 60 லட்சம் பாலிசிதாரர்கள் இப்படி அதிகம் கட்டிக்கொண்டிருந்ததாகக் கண்டது. 2022 ஜனவரி 1 முதல், அதே பாலிசியைப் புதிதாக வாங்குபவருக்குச் சொல்லும் விலையைவிட அதிகமாகப் பழைய வாடிக்கையாளரிடம் கேட்கக் கூடாது என்று விதி வந்தது. பல நாடுகளில் இப்படி ஒரு விதியே கிடையாது. புதுப்பிக்கும் நோட்டீஸ் வந்தவுடன் பணம் கட்டாமல், புது வாடிக்கையாளர் போல ஒரு முறை விலை கேட்டுப் பாருங்கள்.

மூன்று நொடியில் பணம், ஒரு நொடியில் மறுப்பு

கிளைமுக்கு வருவோம். லெமனேட் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் 2016 டிசம்பரில் ஒரு திருட்டு கிளைமை மென்பொருள் மூலம் மூன்று நொடியில் தீர்த்ததாக அறிவித்தது. சின்னத் தொகை, சிக்கல் இல்லாத கேஸ் என்றால் இது எல்லாருக்கும் நல்லது. அதே நிறுவனம் 2021 மே மாதத்தில், வாடிக்கையாளர் அனுப்பும் கிளைம் வீடியோவில் அவர் வாயால் சொல்லாத குறிப்புகளையும் தன் செயற்கை நுண்ணறிவு கவனித்து மோசடியைக் கண்டுபிடிக்கும் என்று ட்விட்டரில் எழுதியது. பெரும் எதிர்ப்பு கிளம்பியதும் பதிவை நீக்கிவிட்டு, முகத்தையோ உடல்மொழியையோ பார்த்து கிளைமை மறுப்பதில்லை என்று விளக்கம் கொடுத்தது. திருட்டுக் கொடுத்துவிட்டுப் பதற்றமாகப் பேசுபவரின் பதற்றத்தை ஒரு மென்பொருள் என்னவென்று எடுத்துக்கொள்ளும் என்ற பயம் அதோடு போய்விடவில்லை.

நலக் காப்பீட்டில் இந்தப் பயத்துக்கு இன்னும் கனமான காரணம் உண்டு. சிக்னா என்ற அமெரிக்க நலக் காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர்கள் 2022இல் இரண்டு மாதங்களில் 3 லட்சத்துக்கும் அதிகமான கிளைம்களை ஒரு மென்பொருள் உதவியோடு மறுத்தார்கள், ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 1.2 நொடிதான் செலவானது என்று ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் 2023 மார்ச்சில் எழுதியது. செய்தி தங்கள் முறையைத் தவறாகக் காட்டுகிறது என்று சிக்னா மறுத்தது. வழக்கு, விவாதம் எல்லாம் தொடர்ந்தன. கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது: மருத்துவத் தேவை இல்லை என்று சொல்லி சிகிச்சையை மறுக்கும் முடிவை மென்பொருள் மட்டும் எடுக்கக் கூடாது, உரிமம் பெற்ற மருத்துவரோ தகுதியுள்ள மருத்துவத் துறையினரோ எடுக்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் உள்ளது.

ஐரோப்பாவில் இந்த உரிமை எல்லாத் துறைக்கும் பொதுவானது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தகவல் பாதுகாப்பு விதிகளின் 22ஆம் பிரிவு, உங்களைக் கணிசமாகப் பாதிக்கும் முடிவை இயந்திரம் மட்டுமே எடுப்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. விதிவிலக்காக அப்படி எடுக்க நேர்ந்தாலும் ஒரு மனிதர் தலையிட வேண்டும் என்று கேட்கலாம், உங்கள் தரப்பைச் சொல்லலாம், முடிவை எதிர்க்கலாம். அதன்மேல் 2024 ஆகஸ்டில் செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் வந்தது, அதன் கடமைகள் படிப்படியாக அமலாகின்றன. ஆயுள் காப்பீட்டிலும் நலக் காப்பீட்டிலும் தனிநபரின் ஆபத்தை மதிப்பிட்டு விலை போடும் மென்பொருளை அது அதிக ஆபத்துள்ள வகையில் வைத்திருக்கிறது. வண்டிக் காப்பீடு அந்தப் பட்டியலில் இல்லை.

மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டால் போதுமா? அந்த மனிதர் ஒரு நாளைக்கு எத்தனை கோப்பு பார்க்கிறார், மென்பொருள் சொன்னதை மாற்ற அவருக்கு அதிகாரமும் நேரமும் உண்டா என்பதைப் பொறுத்தது அது. 1.2 நொடிக் கணக்கு உண்மையானால், அங்கேயும் கையெழுத்துப் போட்டது மனிதர்தான்.

பாலிசிதாரர்கள் பக்கத்திலும் ஒரு குறை. அமெரிக்க அரசு நலக் காப்பீட்டுச் சந்தையின் 2023ஆம் ஆண்டுத் தகவலை கே.எஃப்.எஃப். என்ற நலக் கொள்கை ஆய்வு அமைப்பு ஆராய்ந்தது. மறுக்கப்பட்ட கிளைம்களில் மேல்முறையீடு செய்யப்பட்டவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. செய்தவற்றில் 56 சதவீதத்தில்தான் நிறுவனம் தன் மறுப்பில் உறுதியாக நின்றது. மற்றவற்றில் முடிவு மாறியது. மறுப்புக் கடிதத்தைத் தீர்ப்பு மாதிரி நினைத்து மடித்து வைத்துவிடுகிறோம்.

கிளைமே இல்லாத காப்பீடு

பாராமெட்ரிக் காப்பீட்டில் நஷ்டத்தை யாரும் வந்து மதிப்பிடுவதில்லை. மழை இத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே போனால், புயலின் மையக் காற்றழுத்தம் இந்த அளவுக்குக் கீழே இறங்கினால், இவ்வளவு பணம் என்று முன்பே எழுதிவிடுவார்கள். அளவு தாண்டினால் பணம் தானாக வரும். சர்வேயர் வரவில்லை, பில் சரியில்லை என்ற பேச்சே கிடையாது. விவசாயிகளுக்கும் புயல் பாதிக்கும் நாடுகளுக்கும் இது பெரிய வரம். ஆனால் அளவு ஒன்று சொல்லும், நிலம் ஒன்று சொல்லும்.

ஜமைக்கா அரசு 2024இல் உலக வங்கி வழியாக 15 கோடி டாலர் மதிப்புள்ள பேரிடர் பத்திரம் ஒன்றை எடுத்தது. குறித்த அளவுக்குப் பேரிடர் வந்தால் முதலீட்டாளர்கள் போட்ட பணம் நாட்டுக்குப் போகும் ஏற்பாடு அது. அதே ஆண்டு ஜூலையில் பெரில் புயல் தீவை உரசிச் சென்று சேதம் செய்தது. காற்றழுத்தம் ஒப்பந்தத்தில் சொன்ன அளவுக்கு இறங்கவில்லை என்பதால் அந்தப் பத்திரத்திலிருந்து எதுவும் வரவில்லை. 2025 அக்டோபரில் மெலிசா புயல் நேராகக் கரையேறியது, முழுத் தொகையும் வந்தது. இரண்டு முறையும் ஒப்பந்தம் எழுதியபடியேதான் நடந்துகொண்டது.

மலாவியின் கதை வேறு மாதிரி. 2015-16 பருவத்தில் அந்த நாடு ஆப்பிரிக்க இடர் தாங்கு அமைப்பான ஏ.ஆர்.சி.யிடம் வறட்சிக் காப்பீடு எடுத்திருந்தது. கடும் வறட்சி வந்தது, பாதிப்பைக் கணிக்கும் கணினி மாதிரியோ பணம் தர வேண்டியதில்லை என்றது. ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது: விவசாயிகள் குறுகிய காலத்தில் விளையும் மக்காச்சோள ரகத்துக்கு மாறிவிட்டிருந்தார்கள், மாதிரி பழைய நீண்ட கால ரகத்தையே நினைத்துக் கணக்குப் போட்டிருந்தது. மாதிரியைத் திருத்தியபின் சுமார் 81 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது. ஒரு அரசாங்கம் என்பதால் கணக்கைத் திறந்து பார்க்க வைக்க முடிந்தது. தனி விவசாயி ஒருவரால் அது முடியுமா? அதனால் இப்படி ஒரு பாலிசியை எடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது, எந்த அளவுமானி, என் நிலத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கணக்கு தவறினால் யாரிடம் முறையிடுவது என்பதைத்தான். பிரீமியம் எவ்வளவு என்பது அப்புறம்.

பெட்டியில் தானாக விழுந்த டிக்

பயணச் சீட்டோ போனோ வாங்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வரும் காப்பீடு இப்போது பல செயலிகளிலும் உண்டு. வசதிதான். பழைய ஆபத்துதான் புது உடையில் வருகிறது. பிரிட்டனில் கடனோடு சேர்த்துத் தேவையில்லாதவர்களுக்கும் விற்கப்பட்ட கடன்தவணைக் காப்பீட்டுக்காக வங்கிகள் கடைசியில் 3,800 கோடி பவுண்டுக்கும் மேல் திருப்பிக் கொடுத்தன. ஏற்கெனவே டிக் போட்டு வைத்த பெட்டி வழியாகக் கூடுதல் காப்பீடு விற்பதையும் 2016 ஏப்ரலில் அங்கே தடை செய்தார்கள்.

செயலியின் பெயரும் நிறமும் நினைவில் நிற்கும், பின்னால் ஆபத்தை ஏற்றுக்கொண்டிருக்கும் நிறுவனம் எது என்று பலருக்குத் தெரியாது. கிளைம் கொடுக்கப் போவது அந்தப் பின்னால் இருக்கும் நிறுவனம். அதன் பெயரைப் பாலிசி ஆவணத்தில் பார்த்து, ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமப் பட்டியலில் தேடிப் பாருங்கள். பிரிட்டன், சிங்கப்பூர், இந்தியா என்று பல நாடுகளில் சாண்ட்பாக்ஸ் என்ற ஏற்பாடும் உண்டு. புது வகைப் பாலிசியைச் சில தளர்வுகளோடு குறிப்பிட்ட காலத்துக்குச் சோதித்துப் பார்க்க அனுமதிப்பார்கள். அப்படி ஒன்றை வாங்கினால், சோதனை முடிந்தபின் உங்கள் பாலிசி என்னவாகும் என்று முன்பே கேட்டு வைப்பது நல்லது.

தகவல் கசிவைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஆந்தம் என்ற நலக் காப்பீட்டு நிறுவனத்தில் 2015இல் வெளிவந்த கணினி ஊடுருவலில் கிட்டத்தட்ட 7.9 கோடிப் பேர், ஆஸ்திரேலியாவின் நலக் காப்பீட்டு நிறுவனமான மெடிபேங்கில் 2022இல் 97 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். கடவுச்சொல்லை மாற்றிவிடலாம், நோய் வரலாற்றை எப்படி மாற்றுவது? சலுகைக்காகத் தகவல் கொடுக்கும்போது, பாலிசி முடிந்தபின் அதை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்.

கிளைம் மறுக்கப்பட்டாலோ பிரீமியம் காரணம் தெரியாமல் ஏறினாலோ போனில் பேசிவிட்டு விட்டுவிடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். பாலிசியின் எந்தப் பிரிவின்படி மறுத்தீர்கள், முடிவை மென்பொருள் எடுத்ததா, என்னைப் பற்றிய எந்தத் தகவலைப் பயன்படுத்தினீர்கள், அது எங்கிருந்து வந்தது, ஒரு அதிகாரி மறுபடி பார்ப்பாரா என்று ஐந்தாறு வரி போதும். நிறுவனத்தின் பதில் திருப்தி தராவிட்டால் பல நாடுகளில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை, ஆனால் கால வரம்பு உண்டு. பொதுவாக, முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டிருந்தால்தான் உங்கள் மனுவை எடுத்துக்கொள்வார். மறுப்புக் கடிதம் வந்த தேதியையும் நீங்கள் அனுப்பிய கடிதத்தின் நகலையும் வைத்திருங்கள், முதலில் கேட்பது அதைத்தான்.